நாலாம் அறைக்கு வரவும்

பர்மா ரோட்டுக் கண் மருத்துவமனையில்
கண்மணி விரிய மருந்து விட்டபின்
சுவர்ப்பலகையில் ஓடும் எண்
யாருக்கும் தெரிவதில்லை.
இது அங்கே இருபது வருடப் பிரச்சினை.
பலகையைக் கழற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள்.
முறை வரும்போது
அவரவர் கைபேசி அவரவர் மடியில் அதிரவேண்டும்,
ஒரு குரல் சொல்லவேண்டும்.
அவ்வளவுதான் வேலை.

பெயர் வேண்டாம் என்றது நிர்வாகம்.
யாருக்கு என்ன நோய் என்று
பக்கத்து நாற்காலிக்குத் தெரியக்கூடாதாம்.
சரி. பெயரில்லாமல் எழுதினேன்:
"உங்கள் முறை. நாலாம் அறைக்கு வரவும்."

செவ்வாய்க்கிழமை, பத்தேகால் மணி.
டாக்டர் பொத்தானைத் தட்டினார்.
கூடத்தில் நாற்பத்து மூன்று மடிகள் அதிர்ந்தன.
நாற்பத்து மூன்று பேர் எழுந்தார்கள்.
ஓய் பெங் ஹுவாட் குடையைத் தேடினார்.
ஹாஜி மன்சூர் "பிஸ்மில்லா" என்று
தூணைப் பிடித்துக்கொண்டார்.
வெளிச்சம் பால்போல் பொங்கிய கண்களோடு
எல்லோரும் ஒரே கதவை நோக்கி,
ஒருவர் தோளில் ஒருவர் கைவைத்து,
மிக மரியாதையாக
நெருக்கிக்கொண்டு நடந்தார்கள்.

ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார்.
சௌந்தரவல்லி.
முறை அவருடையதுதான்.
அவர் கைபேசி ஒன்பதரைக்கே செத்துவிட்டது.

காக் ரொஸ்னா கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்
அவர் முழங்கையைத் தொட்டு
"அம்மா, மாரி" என்றார்.
அவர் எழுந்து போனார்.

நான் அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை.

தப்பு ஒரே வரியில் இருந்தது.
யாருக்கு என்று கேட்கிற இடத்தில்
எல்லோருக்கும் என்று எழுதியிருந்தேன்.
ஆயர் ஈத்தாம் வீட்டில் சோதித்தபோது
இணைந்திருந்தது என் கைபேசி ஒன்றுதான்.
ஒரே ஒருவர் இருக்கும் ஊரில்
எல்லோரும் என்பதும் அவர்தானே.
தமிழும் கைகொடுக்கவில்லை:
'நீங்கள்' என்பதில்
ஒருவருக்கான மரியாதையும் இருக்கிறது,
ஒரு கூட்டமும் இருக்கிறது.
சர்வர் கூட்டத்தை எடுத்துக்கொண்டது.

வரியைத் திருத்த ஒரு நிமிடம்.
மற்றதற்குத்தான் நாலு இரவு.
ஏனென்றால் சர்வருக்கு சௌந்தரவல்லியைத் தெரியாது.
அதற்குத் தெரிந்தது ஓர் இணைப்பு,
அர்த்தமில்லாத இருபது எழுத்துகள்.
அவர் கழிப்பறைக்குப் போய் வைஃபை அறுந்தால்
அந்த இருபது எழுத்தும் இறந்துபோகும்.
திரும்பி வருகிறவர்
வேறு இருபது எழுத்தாக வருவார்.
பழைய பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும் சர்வர்,
பதில் வராததை
அது ஒரு குறையாக நினைப்பதில்லை.

ஆக ஒரு பேரேடு வைத்தேன்:
மருத்துவமனை அட்டை எண் ஒரு பக்கம்,
இன்றைய இணைப்பு மறுபக்கம்.
ஆள் இல்லையென்றால் செய்தி காத்திருக்கும்.
எவ்வளவு நேரம்?
நேற்றைய "உங்கள் முறை"
இன்று வந்து சேர்ந்தால் அது பொய்.
முப்பது விநாடி என்று முடிவெடுத்தேன்.
அதற்குள் 'கிடைத்தது' என்று பதில் வராவிட்டால்
காக் ரொஸ்னாவின் பாக்கெட் அதிரும்.

வெள்ளி இரவு, காலிக் கூடம்.
கடன் வாங்கிய ஆறு கைபேசிகளை
ஆறு நாற்காலிகளில் உட்காரவைத்தேன்.
மூன்றாவதற்கு அனுப்பினேன்.
அதிர்ந்தது.
அதில் எனக்கு அக்கறையில்லை.
மற்ற ஐந்தின் அருகிலும் காதை வைத்து
ஒவ்வொன்றாகக் கேட்டேன்.
பிளாஸ்டிக் நாற்காலி. குளிர்சாதனம்.
வெளியே ஒரு மோட்டார் சைக்கிள்.
ஒன்றும் இல்லை.
இதைவிட நல்ல சத்தத்தை
அந்த வாரம் நான் கேட்கவில்லை.

அடுத்த மாதம் சௌந்தரவல்லி வந்தார்.
என் திரையில் அவர் பேட்டரி:
நாலு சதவீதம்.
முப்பது விநாடியை எண்ண ஆரம்பித்தேன்.
பதினொன்றுக்கே
ரொஸ்னா அங்கே நின்றுகொண்டிருந்தார்.